கண்ணாடிக் கதவுக்கு வெளியே

போன ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் என் பக்கத்து இலை மெர்சிக்கு. நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

எதிர்ப் பந்தியிலிருந்து ஒரு அம்மாள் சும்மா இருக்கக் கூடாதா? "பிளஸ் டூவுல அவ்ளோ மார்க் வாங்கினியே, இன்ஜினியரிங் போயிருக்கலாம்ல? போயும் போயும் நர்ஸ் வேலைக்கா?"

"பிடிச்சிருந்தது ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள் மெர்சி.

அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் அப்பா ஜெபராஜ் என் ரயில் சிநேகிதர். தாம்பரத்தில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரை வாய் ஓயாது. ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் சர்ச். கிழக்குத் தாம்பரத்தில் லோன் போட்டுக் கட்டிய அந்த வீட்டின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

ஒரு மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவேயில்லை. நுரையீரலில் கேன்சர் என்றார்கள். எல்லா வைத்தியமும் பார்த்து, கடைசியில் டாக்டரே கையை விரித்தார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. வலிக்கு மருந்து எழுதித் தரேன். இங்கேயே இருந்தா, மூச்சு திணறும்போது மெஷின்ல போடுவோம். கொஞ்ச நாள் தள்ளும். அவ்வளவுதான்."

அன்றே ஜெபராஜ் மனைவியிடம் சொன்னார்: "வீட்டுக்குப் போயிடலாம் கிரேஸ்."

"சும்மா இருங்க. குணமாகி நடந்தே வருவீங்க" என்று அவர் வாயை அடைத்தார் கிரேஸ். அன்பால்தான்.

துபாயிலிருந்து மகன் வந்து இறங்கினான். "அப்பாவ சாகறதுக்குன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். கிரேஸும் ஆட்டினார். பள்ளிக்கூடப் பெண் மெர்சியை யார் கேட்கப் போகிறார்கள்? ஜெபராஜையே யாரும் கேட்கவில்லை!

தொண்டையில் குழாய் இறங்கியதும் பேச்சு போனது. ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மொத்தக் குடும்பமும் காத்துக் கிடந்தது. அவர் போனபோது பக்கத்தில் வீட்டு மனிதர் ஒருவரும் இல்லை. நர்ஸ் வெளியே வந்து சொல்லித்தான் தெரிந்தது. வாய் ஓயாத மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்...

சாப்பிட்டு முடித்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது மெர்சியே ஆரம்பித்தாள்.

"இன்டர்வ்யூல சேவை மனப்பான்மைன்னுதான் சொன்னேன் அங்கிள். எல்லாரும் அதான் சொல்லுவாங்க. நிஜம் என்னன்னா... அப்பா பக்கத்துல அந்த நர்ஸ் இருந்தாங்க. நான் வெளிய நிக்கறேன். அவங்க மேல எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

பொறாமை! தொழிலுக்கு வர இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதில்லை.

"போன மாசம் எங்க வார்டுல ஒரு பெரியவர். அப்பா மாதிரியேதான். பசங்க வராண்டாவுல சண்டை. மூத்த பையன் வீட்டுக்குங்கறார், இளையவர் கூடவே கூடாதுங்கறார். 'அப்பாவக் கேட்டீங்களா சார்'னேன். அப்புறம்தான் போய்க் கேட்டாங்க."

"வீட்டுக்குப் போறேன்னிருப்பாரே?"

"அதான் இல்ல. 'மெஷின்ல போடுங்கடா, இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன்'னாரு!"

"அப்புறம்?"

"போட்டாங்க. அதுலயே போயிட்டாரு. பசங்க அழுதாங்க அங்கிள். ஆனா ஒருத்தரையொருத்தர் குத்தம் சொல்லிக்கலை."

அவள் வீட்டில் நடந்தது வேறு. அண்ணன் கிறிஸ்துமஸுக்குக்கூட ஊருக்கு வருவதில்லை. வந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்தப் பெரியவர் கதையை அம்மாவிடம் சொன்னாளாம். அதற்கு கிரேஸ், "உங்கப்பா... கேக்காமலே சொன்னாரேடி" என்றாராம்.

பஸ் வந்தது. மெர்சி ஏறிக்கொண்டாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

வீட்டுக்கு வருகிறவரிடம் காபியா, டீயா என்று கேட்கிறோம். போகிறவரிடம்...?