ராகு காலத்தில் ஒரு ரீஸ்டார்ட்

புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட வைத்துக் கொடுப்பது அரை மணி நேர வேலை என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு நாள் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்க்கிறேன். ஸ்க்ரூடிரைவர் பையோடு வாசலில் நிற்கும் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்கு பின்னால வாராகளா?" என்று தெருவை எட்டிப் பார்க்கிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டுவிடலாம். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் பொறுக்க முடியாது. நீங்களும் இதே தொழிலில் இருந்தாலோ, சொந்தக்காரர்கள் மத்தியில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை' என்று பெயர் வாங்கி மாட்டிக்கொண்டிருந்தாலோ, நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. சேர்ந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளத் துணை வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

டீச்சர் கேட்டது

இது ஒரே ஒரு லேப்டாப் பட்ட பாடு. வாங்கியவர் அலமேலு டீச்சர். நேமத்தான்பட்டிக்காரர். கணக்கு டீச்சராக இருந்த தனியார் பள்ளியைத் திடீரென்று இழுத்து மூடிவிட்டார்கள். பல இடங்களில் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். கடைசியில், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் இருந்தபடியே கணக்குச் சொல்லித்தரும் வேலை ஒன்று தகைந்து வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டும். அது பிடித்துப்போனால் வேலை. அன்றைக்கு இணைப்பில் வரவில்லை, படம் தெரியவில்லை, சத்தம் கேட்கவில்லை என்றால் அந்த இடம் அடுத்தவருக்கு. இதை முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

லேப்டாப்புக்குப் பணம் கட்டிவிட்டு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாரி, இன்னொரு பள்ளிக்கூடத்துல என்னைய எடுக்க மாட்டாக. இது ஒண்ணுதான் மிச்சம். பாத்துச் செஞ்சு குடு ஆத்தா."

ஆரம்பிக்கக் கூடாத நேரம்

டீச்சரின் வீட்டுக்காரர் சுப்பையா ஆசாரி. தச்சு வேலையில் கெட்டிக்காரர், தங்கமான மனுஷர். டீச்சருக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று டீச்சரைவிட அதிகமாக ஆசைப்பட்டவர். தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது. அவர்கள் குடியிருப்பது பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பின்கட்டில். சொந்தக்காரர்கள் கல்யாணம் காட்சிக்குத்தான் வருவார்கள். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்வது ஆசாரி. வைஃபை பெட்டி முன்னால் முகப்பில் இருந்ததால், புதன்கிழமை காலை அங்கேயே ஒரு மேஜையைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன். நல்ல நேரம் பார்த்து ஆசாரியே பொத்தானை அமுக்கினார். அப்டேட் ஓட ஆரம்பித்தது. "தானா அணையும், தானா எரியும். என்ன ஆனாலும் கை வைக்காதீக" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு பிரிண்டர் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் லேப்டாப் செத்த மாதிரி கிடக்கிறது. தட்டி எழுப்பினால் நீலத் திரை, சரிசெய்கிறேன் என்கிறது, அணைகிறது, மறுபடி நீலத் திரை. பாதி அப்டேட்டில் யாரோ கழுத்தை நெரித்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஆசாரி ஒரு தப்பும் செய்யாத முகத்தோடு முன்னால் வந்தார். "ஓடிக்கிட்டு இருந்த வரைக்கும் நான் தொடலையே தாயி. பன்னெண்டு மணிக்கு மேல தன்னால அணைஞ்சு, புதுசா ஆரம்பிக்கப் பாத்துச்சு. ராகு காலத்துல ஆரம்பிச்சா வெளங்குமா? அதான் பொத்தான அமுக்கிப் பிடிச்சு நிப்பாட்டிட்டேன்."

யாருக்கும் சொல்லக் கூடாத நம்பர்

வியாழக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். இந்த முறை ஆசாரி தேவகோட்டையில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் வைக்கப் போயிருந்தார். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. முதல் நாள் லேப்டாப்பில் டீச்சர் பெயருக்குக் கணக்கு தொடங்கும்போது, "வீட்டுல கேஸுக்கு, கரண்டுக்கு, எல்லாத்துக்கும் என் நம்பர்தான்" என்று ஆசாரி தன் செல் நம்பரைச் சொல்லியிருந்தார். இப்போது லேப்டாப், நீங்கள்தானா என்று உறுதி செய்ய ஓடிபியை அந்த நம்பருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தது.

டீச்சர் போன் போட்டார். ஓடிபி வந்திருக்கிறது என்றார் ஆசாரி. என்ன நம்பர் என்றதற்குச் சொல்ல மாட்டேன் என்றார். நான் போனை வாங்கிக் கெஞ்சினேன். பாங்கில் போன மாதம்தான் எல்லாரையும் உட்கார வைத்து எச்சரித்து அனுப்பினார்களாம். "நான் உங்க பொண்டாட்டி பேசுறேன்ங்க" என்று டீச்சர் கத்தியதுகூட எடுபடவில்லை. குரலை மாற்றிப் பேசுகிறார்களாம் இப்போதெல்லாம். கடைசியில் ஜன்னலைப் பாதியில் போட்டுவிட்டு பைக்கில் வந்து சேர்ந்தார். அதற்குள் அந்த நம்பர் காலாவதி. புதிதாக ஒன்று வரவழைத்தேன். ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் அவரே தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, டீச்சரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "யாருக்கும் சொல்லாதீகன்னு போட்டிருக்கு தாயி. பொண்டாட்டி நீங்கலான்னு போடலையே."

சுவர்

அடுத்தது சிக்னல். முகப்பில் பறந்த வைஃபை, டீச்சர் குடியிருக்கும் பின்கட்டுக்கு வரும்போது ஒரு கோடுகூடத் தேறவில்லை. வகுப்பை முகப்பிலேயே எடுக்கலாமே என்றால், தெருச் சத்தம் அப்படியே உள்ளே வருகிறது. கரும்பலகையும் பின்கட்டுச் சுவரில்தான் இருக்கிறது. நடுவில் இரண்டு முற்றம், ஒரு முழம் தடிமனுக்குச் சுவர், இரும்புப் பட்டை அடித்த பர்மா தேக்குக் கதவு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்குட்டும் இங்குட்டும் நடந்து எனக்குக் கால் கழன்றது. கடைக்குப் போய் சிக்னலை வாங்கி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று எடுத்து வந்து, நடு முற்றத்துப் பிளக்கில் சொருகி, கதவைத் திறந்தே வைக்கச் சொன்ன பிறகுதான் ஒரு வழியாக வந்தது.

அதுவரை என் பின்னாலேயே நடந்துகொண்டிருந்த ஆசாரி சுவரைத் தட்டிக் காட்டினார். அவர் முகத்தில் பெருமை வழிந்தது. "களவாணிப் பயலே உள்ள வரக் கூடாதுன்னு கட்டுன செவரு தாயி. இந்தச் சிக்னலு எம்மாத்திரம்?"

பால் காய்ச்சும் வரை

வெள்ளிக்கிழமை டீச்சரிடமிருந்து போன். வகுப்புக்கு ஒத்திகை பார்க்கிறார். லேப்டாப் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் உர்ரென்று இரைகிறது, பட்டென்று அணைகிறது. "நாளைக்குப் பாடத்து நடுவுல அணைஞ்சா என்ன செய்யிறது மாரி?" மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் ஃபேன் போயிருக்குமோ, மதர்போர்டு போயிருக்குமோ, மாற்றுவதற்கு மதுரைக்கு அல்லவா அனுப்ப வேண்டும் என்று ஒரே பதைப்பு.

லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தேன். மூடியில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடிப்பக்கம், காற்றுப் போகிற ஓட்டை அத்தனையையும் அடைத்து, பாலிதீன் தாளைப் போட்டு, ஓரமெல்லாம் டேப்பால் சுருக்கமே விழாமல் ஒட்டியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக ஒட்ட ஒரே ஒருவரால்தான் முடியும். அடியில் மெத்தென்று வெல்வெட் துணி வேறு. மூச்சு விட வழியில்லாமல் கொதித்துத்தான் அது அணைந்திருக்கிறது. நான் பாலிதீனைக் கிழித்தபோது, பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற மாதிரி ஆசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதற்காக ஒட்டினீர்கள் என்று கேட்டதற்கு அவருக்கே கோபம் வந்துவிட்டது. "புதுக் கதவுல ஒட்டுன தாளையே பால் காச்சுற அன்னிக்குத்தான் உரிப்போம். இன்னும் ஒரு நாக்கூட வேலையில ஒக்காரல, அதுக்குள்ள உரிக்கிற!"

நடுவில் ஒரு புள்ளி

சனிக்கிழமை நானே நேரில் போய்விடுவது என்று முடிவு செய்தேன். அந்த வீட்டை நம்பி போன் பக்கத்தில் உட்கார எனக்குத் தெம்பில்லை. ஆனால் கடையில் கூட்டம், கிளம்பத் தாமதமாகிவிட்டது. நான் உள்ளே நுழையும்போது வகுப்புக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. ஊதுபத்தி மணக்கிறது. லேப்டாப்புக்குப் பூஜை முடிந்திருக்கிறது. மூடியில் சந்தனம் குங்குமம், மூலைக்கு மூலை சந்தனம் குங்குமம், சார்ஜருக்கு, மவுசுக்கு, நடு முற்றத்துச் சிக்னல் பெட்டிக்கு எல்லாம் சந்தனம் குங்குமம். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. பொட்டு வைக்காத மிஷினை நான் எந்த வீட்டில் பார்த்தேன்?

டீச்சர் பட்டுப்புடவை கட்டி, முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். சத்தம் சரியாக இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. திரையில் டீச்சர் இருக்க வேண்டிய கட்டத்தில் செக்கச் செவேலென்று ஒரு மங்கல். நேற்று வரை வந்த படம். கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன், அணைத்துப் போட்டேன், கேமராவையே கழற்றி மாட்டுகிற மாதிரி செட்டிங்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் மாற்றினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "மேடம், படம் வரலைன்னா இன்னிக்குத் தொடங்க முடியாது" என்றது. நிமிர்ந்து திரையின் மேல் விளிம்பைப் பார்த்தேன். நட்ட நடுவில், கேமரா இருக்கிற அந்த ஒற்றைப் புள்ளியை முழுசாக மூடிக்கொண்டு, காய்ந்தும் காயாமலும் ஒரு பெரிய பொட்டு. மெதுவாகத் திரும்பினேன். ஆசாரி கும்பிட்ட கையோடு நின்றார். "கம்பெனிக்காரனே நடு மத்தியில புள்ளி வச்சு எடம் காட்டியிருக்கான்ல தாயி. அளவு பாத்து அது மேலயே வச்சேன்."

அழிக்கக் கூடாது

கைக்குட்டையை எடுத்தேன். ஆசாரி குறுக்கே வந்து நின்றுவிட்டார். சாமிக்கு முன்னால் வைத்த பொட்டு, அதுவும் விளக்கு வைக்கிற நேரம், இன்றைக்குப் போய் அழித்தால் வேலை எப்படிக் கிடைக்கும் என்கிறார். அழிக்காவிட்டால்தான் கிடைக்காது என்று நான் கத்துகிறேன். அவர் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவர். உண்மையிலேயே பயந்து போயிருந்தார். அந்தப் பக்கத்துக் குரல், "மேடம், இருக்கீங்களா?" என்றது.

டீச்சர் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. கையை நீட்டி, அந்தப் பொட்டை மோதிர விரலால் அப்படியே வழித்தார். வழித்ததைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பட்டுப்புடவை முந்தானையால் கேமராவை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். திரையில் டீச்சர் தெளிவாக வந்தார், நெற்றியில் பளிச்சென்று சந்தனமும் குங்குமமுமாக. ஆசாரி வாயைத் திறந்தார். டீச்சர் ஒரு விரலைக் காட்டினார், வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவது போல. "அழிக்கல, எடம் மாத்திருக்கேன். கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு அங்குட்டுப் போறீகளா?"

யாரால்

ஆசாரியும் நானும் முற்றத்தில் போய் உட்கார்ந்தோம். உள்ளே இருந்து பின்னம் கூட்டுகிற சத்தம் வந்தது. ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லியது. டீச்சர் மறுபடி சொல்லிக்கொடுத்தார். பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டுச் சிரித்தது. கதவு காற்றில் சாத்திக்கொண்டுவிடாமல் ஆசாரி அதைக் காலால் முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தார், வகுப்பு முடிகிற வரைக்கும். அன்றைக்கு அவர் செய்த ஒரே சரியான காரியம் அது.

திங்கட்கிழமை கடையில் இருக்கும்போது டீச்சர் போன் செய்தார். வேலை கிடைத்துவிட்டது. மேற்கொண்டு பேச முடியாமல் அழுதார்; எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, எதிரே நின்ற வாடிக்கையாளர் பில் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று பயந்தார். அதற்குள் போன் ஆசாரி கைக்கு மாறியது. எனக்கு நன்றி சொல்லத்தான் வாங்குகிறார் என்று நானும் நம்பினேன். "பாத்தியா தாயி, நான் பொட்டு வச்ச எடம் அப்படி! நீயும் ஒரு வாரமா என்னத்தையோ தட்டிக்கிட்டுத்தான் இருந்த."

லேப்டாப்பில் வரும் கோளாறைச் சரிசெய்யத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அந்த வாரம் முழுக்க லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை.