கட்டில் போன ஞாயிற்றுக்கிழமை

மாமா அன்று காலையில் முகச்சவரம் செய்துகொண்டார். கண்ணாடியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். சோப்பு நுரைக்கு அடியில் கன்னம் குழிந்து கிடந்தது. பிளேடு அந்தக் குழியில் இறங்கி ஏறுவதற்கு வெகுநேரம் பிடித்தது. உடம்பு இளைத்திருப்பது தெரியக்கூடாது என்று பனியன் மேல் பனியனாகப் போட்டு, அதற்கு மேல் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படி மாப்ள, டூட்டிக்குப் போற ஆளு மாதிரி இருக்கறனா?" என்று கேட்டார். இருக்கிறீர்கள் என்றேன். அன்றைக்கு ஒருவர் கட்டில் வாங்க வருவதாக இருந்தது. அத்தனை நாளும் மாமா படுத்துக் கிடந்த கட்டில் அது.

மாமா என் அக்காவின் கணவர். தருமபுரிக்கும் அரூருக்கும் நடுவில் தனியார் பஸ் ஓட்டியவர். கம்பைநல்லூர் நிறுத்தத்தில் அவர் ஹாரன் சத்தம் கேட்டால், அக்கா சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவாள். வயிற்றில் வந்தது புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முற்றிப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அக்கா மட்டும் தெரியாத மாதிரியே இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மாமா என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கிற வேண்டாத சாமான்களையெல்லாம் போட்டோ எடுக்கச் சொன்னார்.

தருமபுரியில் எனக்கு ஆபீஸ் வேலை. போனில் இதெல்லாம் பழக்கம்தான். பழைய பொருள் விற்கிற செயலியிலும், ஊர் வாட்ஸப் குழுக்களிலும் ஒவ்வொன்றாகப் போட்டேன். இலவசமாக வந்து பெட்டி பிரிக்காமலே பரண்மேல் கிடந்த மிக்சி, கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற டைனிங் டேபிள், அவருடைய பைக். போன் வந்தால் மாமாவே எடுப்பார். அடிவயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, குரலில் மட்டும் ஒரு குறையும் வைக்காமல் பேசுவார். "டேபிள் புதுசாட்டம் இருக்குதேன்னு சந்தேகப்படாதீங்க. எங்க வூட்ல எல்லாரும் கீழ உக்காந்துதான் சாப்பிடுவோம். அது மேல பேப்பர் மட்டுந்தான் உக்காந்துச்சு." எதிர்முனையில் இருப்பவர் சிரித்துவிட்டால் அந்த வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

வாங்குகிறவர்கள் எல்லாருமே கேட்ட ஒரு கேள்வி, ஏன் விற்கிறீர்கள் என்பது. நல்ல பொருளை ஒருவன் கொடுக்கிறான் என்றால் அவன் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்ற சந்தேகம் நம் ஆட்களுக்கு எப்போதும் உண்டு. செத்தவர் புழங்கிய சாமானை இந்தப் பக்கத்தில் யாரும் விரும்பி வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள். மாமாவின் அவசரத்துக்கு அதுதான் காரணம். ஒருநாள் அதை என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். "நான் இருக்கறப்பவே வித்துரணும் மாப்ள. நான் போயிட்டா இதெல்லாம் சாவு வூட்டுச் சாமான். உங்கக்கா வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, வந்த வெலைக்குக் குடும்மான்னு கேப்பானுங்க. அவளுக்குப் பேரம் பேசவும் தெரியாது, அழுவாம இருக்கவும் தெரியாது." விற்கிற காசில் அக்காவுக்கு ஒரு கறவை மாடு வாங்க வேண்டும், பால் சொசைட்டியில் ஊற்றினால் அவள் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம் என்பது அவர் கணக்கு. நான் எழுந்து போய்ப் பீரோவைப் போட்டோ எடுத்தேன்.

டேபிள் போனபோதும் பைக் போனபோதும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைக் கூடத் துணியை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். கட்டில் என்றதும்தான் மறித்தாள். அது அவள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா செய்து கொடுத்த தேக்குக் கட்டில். அவள் சரி என்று சொல்லாமல் மாமாவால் கூட விற்க முடியாது. ஆனால் அவள் மறித்தது சீர்ப் பொருள் என்பதால் இல்லை. எங்கள் பக்கத்தில் மூச்சு அடங்கப்போகிறது என்று தெரிந்தால், ஆளைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்திவிடுவார்கள். கட்டிலில் உயிர் போகக்கூடாது என்பது சாத்திரம். கட்டிலை விற்றால் அவருக்குத் தரையில் பாய் போட வேண்டும். உயிரோடு இருக்கிற மனிதருக்கு என் கையால் அந்தப் பாயைப் போடமாட்டேன் என்றாள். "என்ன வேணா வித்துக்கோங்க. என் தாலியக் கூட வித்துக்கோங்க. அவரக் கீழ எறக்க நான் ஒத்துக்க மாட்டேன்." மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தால் நடுவில் நிற்கிறவன் என்னதான் செய்வான்?

அக்காவிடம் கேட்காமலே, மொரப்பூர்ப் பக்கத்துக்காரர் ஒருவரை மாமா வரச் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார். வெயிலில் வேலை செய்து கறுத்த முகம், தோளில் துண்டு. புது வீடு கட்டிக் குடிபோகப் போகிறாராம். கட்டிலைத் தட்டிப் பார்த்தார், குனிந்து கால்களை அசைத்துப் பார்த்தார். மாமா நாற்காலியை விட்டு அசையாமல், பஸ் ஓட்டிய கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வியர்வை ஊறுவது எனக்குத் தெரிந்தது. வலி வந்துவிட்டது. அக்கா சமையலறைக் கதவோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

விலை படிந்தது. வந்தவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து, கொடுக்காமல் நிறுத்தினார். "கோச்சுக்காதீங்க, புது வூட்டுக்குப் போற பொருளு, அதனால கேக்கறேன். இது யாரு படுத்த கட்டிலுங்க? முடியாதவங்க யாராச்சும் கெடையாக் கெடந்ததா?"

எல்லாக் கேள்விக்கும் வாயில் பதில் வைத்திருந்த மாமா இதற்கு மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தார். ஒருவேளை வலி பேச விடவில்லை. ஒருவேளை, படுத்தவருக்கே பொய் சொல்லக் கூசியிருக்கும். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் போதும், கட்டில் நின்றுவிடும். அவள் கேட்டதும் அதுதான். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "நான் படுக்கற கட்டிலுங்க. அவருக்குக் கட்டிலே ஆவாது. கல்யாணமான நாள்லேர்ந்து கீழதான் தூங்குவாரு" என்றாள்.

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பேரம் பேசத் தெரியாது என்று மாமா சொன்ன என் அக்காதான் அது. வந்தவர் பணத்தை அவள் கையிலேயே கொடுத்தார். நானும் குட்டியானை டிரைவரும் கட்டிலைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். புது வீட்டுக்குக் குடிபோகிற ஒரு மனிதரை ஏமாற்றித்தான் அனுப்பினோம். அக்கா அதற்காக வெகுநாள் மாரியம்மன் கோவிலில் விளக்குப் போட்டாள். ஆனால் வண்டி கிளம்பியபோது எனக்கு வந்தது வெட்கம் இல்லை. அழுகைதான் வந்தது.

உள்ளே வந்தபோது, கட்டில் இருந்த இடம் மட்டும் தரை வெளுப்பாகத் தெரிந்தது. அக்கா அந்த இடத்தைப் பெருக்கி, ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். பரணிலிருந்து பாயை எடுத்து உதறி விரித்தாள். அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் தன் கல்யாணப் புடவையை நாலாக மடித்துப் போட்டாள். "நீ அப்படிச் சொல்லுவேன்னு நெனைக்கல" என்றார் மாமா. "பேசாம வந்து படுங்க. எவ்ளோ நேரம் உக்காந்திருப்பீங்க" என்றாள் அவள். இருவருமாகப் பிடித்து அவரைப் படுக்க வைத்தோம். படுத்ததும் அவர் கண்ணோரம் வழிந்ததை அக்கா உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் சாய்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அவளும் அங்கேதான் படுத்தாள்.

மாடு வந்ததை மாமா பார்த்தார். பாயை வாசல் பக்கம் இழுத்துப் போடச் சொல்லி, படுத்தபடியே மாட்டின் மடியைப் பார்த்து நல்ல மாடுதான் என்று தலையசைத்தார். இன்றைக்கும் அக்கா அந்த மாட்டையும் அதன் கன்றுகளையும் வைத்துத்தான் பிழைக்கிறாள். போன மாதம் நான் என் வீட்டுப் பழைய சோபாவை விற்கப் போனில் போட்டபோது, ஏன் விற்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். புதுசு வாங்கிவிட்டோம் என்றேன். அவ்வளவு லேசான ஒரு பதில் என் வாயிலிருந்து வந்தது எனக்கே என்னவோ போலிருந்தது. அவ்வளவு லேசான பதில் மாமாவுக்கு ஒருநாளும் இருக்கவில்லை.

மாடு வந்து கொஞ்ச நாளில், ஒரு விடிகாலையில் மாமா போனார். அக்கா பால் கறந்துவிட்டு வந்து கையைத் தொட்டுப் பார்த்தபோது சூடு இருந்தது, மூச்சு இல்லை. செய்தி கேட்டு முதலில் வந்தவர் மாமாவின் பெரியப்பா. வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "இன்னும் கட்டில்லயா போட்டு வெச்சிருக்கீங்க? கீழ எறக்குங்கப்பா" என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், பாயில் கிடந்தவரைப் பார்த்து நின்றுவிட்டார். கட்டிலைத் தேடிக் கூடம் முழுக்கக் கண்ணை ஓட்டினார். "யாரும்மா எறக்குனது?" என்று கேட்டார். அதுவரை அழாமல் இருந்த அக்கா அப்போதுதான் உடைந்தாள்.

"யாரும் எறக்கலீங்க. அவரே எறங்கிட்டாரு."