கோமதி அம்மாள் தொலைக்காத ஒரு கோடு

கோமதி அம்மாள் ஓர் எழுத்தைக்கூடத் தொலைக்கவில்லை. தொலைத்தது கம்ப்யூட்டர். பழியை அவர்மேல் போட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, ஆறு வருஷமாக அதை ஃபைலில் வைத்திருப்பது எங்கள் திருமணத் தகவல் நிலையம்.

சென்ற வாரம் காரியதரிசி போன் செய்தார். "அந்த ஜாதகத்தைக் கோட்டைவிட்டாளே, நம்ம கோமதி மாமி, கார்த்தால தவறிப்போயிட்டா ஓய்."

சாவுச் செய்தியிலும் அதுதான் அடையாளம். போனை வைத்துவிட்டேன்.

கரமனையிலிருந்து பஸ் பிடித்து, ஸ்ரீவராகத்தில் இருக்கும் நிலையத்துக்கு இருபது வருஷம் வந்தவர் அவர். முதலில் ஜாதகங்களைக் கையால் நகல் எடுத்தார். எடுத்து முடித்ததும் கடைசிக் கட்டத்திலிருந்து மேல்நோக்கிப் படித்துச் சரிபார்ப்பார். ஏன் என்று கேட்டேன். "மேலேருந்து படிச்சா மனசு தானே ரொப்பிண்டுடும் அண்ணா. கீழேருந்து படிச்சா ஏமாத்த முடியாது" என்றார். அப்படிப்பட்டவரைத்தான் கவனமில்லாதவர் என்றார்கள்.

நான் சாலைக் கடைத்தெருவில் தட்டச்சு இயந்திரம் பழுதுபார்த்தவன். கம்ப்யூட்டரை நானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நிலையத்தின் பழைய கம்ப்யூட்டரும் என் பொறுப்பில்தான் இருந்தது; அதை இயக்கியவர் கோமதி அம்மாள். சென்னைக் கிளை ஜாதகங்களை டெலிபோன் வழியே அனுப்பும். மோடம் என்ற பெட்டி அதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். ஜாதகக் கட்டத்தில் வீட்டுக்கு ஒரு வரி, லக்கினம் தொடங்கிப் பன்னிரண்டு வரிகள். கிரகம் இல்லாத வீட்டுக்கு ஒரு சிறு கோடு. அந்த வரிசைப்படி எங்கள் புரோகிராம் கட்டத்தை நிரப்பி அச்சடிக்கும்.

வேகமான புது மோடம் வந்தது. "வரிக்கு வரி வீட்டு நம்பர் போட்டு அனுப்பச் சொல்லலாமே" என்று கோமதி அம்மாள் கேட்டார்.

"சென்னைக்காராளுக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம் மாமி" என்றார் காரியதரிசி.

அடுத்த மாதமே ஒரு பெண்ணின் ஜாதகத்தில் ஒரு கோடு, வரியோடு சேர்ந்து வராமல் போயிற்று. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஒரு வீடு மேலே ஏறிக்கொண்டது. ஒன்பதில் இருந்த செவ்வாய் எட்டில் போய் உட்கார்ந்தது. பிள்ளை வீட்டார் செவ்வாய் தோஷம் என்றார்கள், நிச்சயம் நின்றது. பெண்ணின் தகப்பனார் மூல ஜாதகத்தோடு வந்து மேஜையைத் தட்டினார்.

என்னைக் கேட்டார்கள். டெலிபோன் லைன் கோளாறாக இருக்கும் என்றேன். சோதிக்காமல் சொன்னேன். லைனில் கெடுவதை மோடமே திருத்திவிடும் என்று விற்றவன் வந்து சொன்னான். மிச்சம் இருந்தது மாமிதான். கமிட்டி முன்னால் நிற்க வைத்து எழுதி வாங்கினார்கள். நானும் அங்கே இருந்தேன்.

அவர் அழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே தாளைச் சென்னையிலிருந்து ஆறு தடவை அனுப்பச் செய்து, ஆறையும் அச்சடித்து என்னிடம் கொண்டுவந்தார்.

"வரச்சே நான் கையே வெக்கலை. ஆறு தடவையும் ஆறு எடத்துல போறது. டிஸ்க் லைட் எரியறச்சே மாத்திரம் போறது. பாத்துண்டே இருந்தேன் அண்ணா."

எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திறந்தேன். மோடத்தின் ஒயர் வந்து சேரும் பழைய சீரியல் போர்ட்டின் சிப்பில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது மோடம் அடுத்ததைக் கொட்டுகிறது; முன்னது அழிந்துபோகிறது. லைனிலும் பிழையில்லை, விரலிலும் பிழையில்லை. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு முழ ஒயரின் முனையில் எழுத்து விழுந்துகொண்டிருந்தது.

கமிட்டியில் ஆறு தாள்களையும் விரித்தேன். "ஓ, அப்படியா சங்கதி? சரி, காபி வரட்டும்" என்றார் காரியதரிசி. கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. "அது கிடக்கட்டும் ஓய், ஒரு ரெக்கார்டுக்கு." கோமதி அம்மாளைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கவர் ஒட்ட உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. இவருக்கு ஒன்றும் மாறவில்லை. ஒட்டின கவர்களின் விலாசத்தையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியாக நான் பார்த்தது அப்படித்தான்.

இரங்கல் கூட்டத்தில் "பொறுமையின் உருவம்" என்றார்கள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்; உட்காரச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

காரியதரிசி அந்தக் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து, கரமனைக்குத் தாமே நடந்து போய், கோமதி அம்மாளின் மகள் கையில் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது.

பழி தவறு என்று கமிட்டி மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அதே ஐந்து பேர்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் மோடத்தையும் எங்களிடமிருந்து வாங்கி இப்போது வைத்திருக்கும் இன்னொரு கிளைக்காரர்கள், பதினாறு எழுத்துத் தாங்கும் சிப் உள்ள போர்ட் கார்டு போட வேண்டும். மோடத்தை நிறுத்தச் சொல்லும் ஒயர் உள்ள கேபிளை மாட்டி, புரோகிராமிலும் அதை இயக்க வேண்டும். அதுவரை போர்ட்டின் வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும்.

சோதிக்காமல் லைன் என்று சொன்ன நான், அந்த ஆறு தாள்களையும் அவர் மகளிடம் ஒப்படைக்க வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.

சென்னைக் கிளை இன்றிலிருந்து வரிக்கு வரி வீட்டு நம்பர் போட்டு அனுப்ப வேண்டும். கோமதி அம்மாள் கேட்டது அது ஒன்றுதான்.