ரங்காத்தாள் சைக்கிளில் போன தீவுகள்

மேடு வந்தால் ரங்காத்தாள் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. அவிநாசியிலிருந்து அனுப்பர்பாளையம் வரும் வழியில், ஆள் ஏற்றிய கம்பெனி வேன்களும் நூல் மூட்டை ஏற்றிய டெம்போக்களும் உறுமிக்கொண்டு ஏறுகிற இடத்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பார். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் இப்படி நின்று மிதிப்பதை மொபெட்டில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். "பாக்கட்டுங்க. பாத்தா தேஞ்சா போயிரும்?" என்பார்.

குள்ளமான, கெட்டியான உருவம். நெற்றியில் பெரிய சாந்துப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடியோடு நூல் வெட்டும் சிறு கத்தரி ஒன்றும் கறுப்புக் கயிற்றில் தொங்கும். அனுப்பர்பாளையத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியின் செக்கிங் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். தைத்து வரும் துணி ஒவ்வொன்றும் அவருடைய மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். தையல் சரியில்லாத பீஸை விரலால் தள்ளி, "இது ஆல்டருங்க, கொண்டுட்டுப் போங்க" என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் சட்டையின் தோள் தையலைத்தான் அவர் கண் முதலில் பார்க்கும். அறிமுகமில்லாத குழந்தையைத் தூக்கினால் கொஞ்சுவதற்கு முன் காலரைத் திருப்பி லேபிளைப் படிப்பார்.

அந்தக் கம்பெனி தைப்பது சைக்கிள் பந்தயக்காரர்கள் போடும் சட்டை. இறுக்கமான துணி, முதுகில் மூன்று பைகள். பெல்ஜியத்திலிருந்து யோஹான் என்பவர் வருஷா வருஷம் வாங்கிப் போகிறார். 2006-ஆம் வருஷம் அவருடைய நிறுவனத்துக்கு ஏதோ விழா. பணியாட்களும் வாடிக்கையாளர்களுமாகச் சிலரைச் சேர்த்துக்கொண்டு கரீபியன் கடலுக்குக் கிளம்பினார். பாய்மரப் படகில் தீவு தீவாகப் போவது, ஒவ்வொரு தீவிலும் இறங்கிச் சைக்கிளில் சுற்றுவது, மறுபடி படகேறுவது. தங்கள் சட்டையைத் தைக்கும் திருப்பூரிலிருந்தும் ஒருவர் வர வேண்டும் என்றார். செலவு அவருடையது. ஒரே நிபந்தனை, வருகிறவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாளி மாரப்பன் மேனேஜர்களைக் கூட்டி வைத்துக் கேட்டார். அறை நிறைய ஆட்கள். எல்லோரும் காரிலும் பைக்கிலும் வருகிறவர்கள். ஒருவர், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓட்டியதாகச் சொன்னார். இன்னொருவருக்கு முதுகுவலி. மாரப்பன் ஜன்னல் வழியாக வண்டி நிறுத்தும் இடத்தை எட்டிப் பார்த்தார். வரிசையாக நின்ற மோட்டார் வண்டிகளுக்கு நடுவே, கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று சாய்ந்திருந்தது.

"சைக்கிள்காரங்களுக்குச் சட்டை தெக்கிற கம்பெனில சைக்கிள் ஓட்டறவங்க ஒராளுதானா?" என்று சிரித்தவர், ரங்காத்தாளைக் கூப்பிட்டு விட்டார். "ஏனுங்க ரங்காத்தா, வெளிநாடு போயிட்டு வர்றீங்களா?"

"என்னத்துக்குங்க?"

"சைக்கிள் ஓட்டறதுக்கு."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தவருக்கு, விஷயம் புரிந்தபோது கை தானாகக் கத்தரியைப் பிடித்துக்கொண்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. "போறனுங்க" என்றார்.

வீட்டில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கணவரின் அக்கா முத்தாத்தாள், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். செய்தி கேட்டதும் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். "பொம்பள புள்ள இந்த வயசுல வெள்ளக்காரங்களோட சைக்கிள்ல சுத்தறாளாமா! படகுல படுத்துக்கறாளாமா! நாளைக்கு ஊருக்குள்ள ஒருத்தி கேட்டா நான் என்ன சொல்றதாம்?"

"ரங்காத்தா போயிருக்கறான்னு சொல்லுங்க நங்கை. வேறென்ன சொல்றது?"

முத்தாத்தாள் விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார். கணவர் குமாரவேல் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "ஏம்புள்ளே, அங்கெல்லாம் சோறு கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் அனுமதி.

அடுத்த சிக்கல் உடுப்பு. யோஹானின் ஆட்கள் போடுகிற அரைக்கால் சட்டையை ரங்காத்தாள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சாம்பிள் பிரிவு டெய்லர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு யோசனை சொன்னார். அதே துணியில், அதே மூன்று பைகளோடு, அரைக் கை வைத்து, முழங்கால் வரை வரும் நீளச் சட்டை. அதற்குக் கீழே கணுக்கால் வரை கால்சட்டை. போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்ற ரங்காத்தாள், வழக்கம்போல் தையலை இழுத்துப் பார்த்தார்.

"எதுக்குக்கா இந்த இழு இழுக்கிய? கடல்ல வுழுந்தாலும் ஒங்களுக்குத்தான் ஏதாச்சும் ஆவும், என் தையலுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் இசக்கிமுத்து.

குவாதலூப் என்ற தீவிலிருந்து படகு புறப்பட்டது. ரங்காத்தாள் அதற்கு முன் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில், கால் நனைத்ததோடு சரி. ஆனால் நீச்சல் தெரியும். மிதப்பதற்குக் காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி அப்பன் கிணற்றில் தள்ளிவிட்ட வயதிலிருந்து தெரியும். எல்லோரும் ஒரு தடவை நீந்திக் காட்ட வேண்டும் என்று படகின் கேப்டன் ரெமி சொன்னபோது, மற்றவர்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். ரங்காத்தாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று குதித்தார். மேலே வந்து உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "கெணத்த விடச் சுளுவுங்க, தானா மெதக்குது" என்று தமிழிலேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தப் பெருமை கரை கண்ணை விட்டு மறையும் வரைதான். காற்று எதிரே அடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறி இறங்க, அவருக்குக் குடலே வாய்க்கு வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. யோஹான் வந்து பக்கத்தில் குந்தினார். ரங்காத்தாளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் செக்கிங் மேஜை இங்கிலீஷ். கடலைக் கை காட்டி, "சார், திஸ் பீஸ் ரிஜெக்ட்" என்றார். யோஹான் சிரித்தார். ஆனால் அன்று மாலை முதல் தீவில் நங்கூரம் போட்டதும், சிரிக்காமல், சின்னச் சின்ன இங்கிலீஷில், கை காட்டிச் சொன்னார்: இங்கிருந்து குவாதலூப்புக்குப் பயணிகள் கப்பல் இருக்கிறது. திரும்பிப் போய் ஓட்டலில் தங்கி ஓய்வெடுக்கலாம். கடைசி நாள் எல்லோரும் வந்து அழைத்துக்கொள்கிறோம். இதில் தவறே இல்லை.

அவர் நல்ல மனதோடு சொன்னார். ரங்காத்தாளுக்குத்தான் அது உறைத்தது. தேறாத பீஸை எப்படி விரலால் ஓரமாகத் தள்ளி வைப்பாரோ, அப்படித் தன்னைத் தள்ளி வைக்கிறார்கள் என்று பட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் கரையில் சைக்கிள் கொடுத்தார்கள். கியர் வைத்த சைக்கிள். அதன் நெம்புகோல்களை ரங்காத்தாள் சீண்டவே இல்லை; எந்தக் கியரில் இருந்ததோ அப்படியே மிதித்தார். அதனால் கடைசியாகத்தான் போக முடிந்தது. அதில் அவருக்குக் குறை இல்லை. முன்னால் போகிற அத்தனை முதுகும் அவர் மேஜையைத் தாண்டி வந்த முதுகு. குனிந்து மிதிக்கிறபோது பை எப்படிப் படிகிறது, வியர்வையில் தோள் தையல் எப்படி நிற்கிறது என்று அவர் இதுவரை பார்த்ததில்லை. மடித்துப் பெட்டியில் போவதோடு அவருக்கும் அந்தச் சட்டைக்கும் உறவு முடிந்துவிடும். இங்கே அது ஆளோடு உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் கரும்புக் காடு. நடுவில் மாட்டு வண்டியில் கரும்புக் கட்டு ஏற்றிப் போன ஒரு கறுப்பர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். ரங்காத்தாள் மணி அடிக்கப் பார்த்து, மணி இல்லாததால் கையை ஆட்டினார்.

வெயில் ஏறியதும் தெருவோரக் கடை ஒன்றில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் குடிக்கக் கேட்டுக்கொண்டிருக்க, ரங்காத்தாள் கடைப் பலகையில் இருந்த நீளமான பெயரைப் பெட்டி மேல் எழுத்தைப் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மவு... மவுட்டு... முட்டு... சட்டென்று உரக்கச் சொன்னார்.

"முத்துசாமி!"

உள்ளேயிருந்து கடைக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்தார். ரங்காத்தாளின் வயதுதான் இருக்கும். அதே நிறம், அதே நெற்றி. கவுன் போட்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க தமிழுங்களா?"

அந்த அம்மாளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவர் பிரெஞ்சில் ஏதோ கேட்க, ரெமி நடுவில் நின்று தெரிந்த இங்கிலீஷிலும் ஜாடையிலும் மாற்றிச் சொன்னார். அந்த அம்மாளின் பாட்டனுக்குப் பாட்டன் கரும்பு வெட்டுவதற்காகக் காரைக்காலில் கப்பல் ஏறியவராம். மாதக்கணக்காகக் கப்பலின் அடித்தட்டில் வந்தார்களாம். பேச்சு போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது.

அடுப்பிலிருந்து ஒரு வாசம் வந்தது. ரங்காத்தாள் கேட்காமலேயே உள்ளே போய்ச் சட்டியைத் திறந்தார். மல்லியும் மஞ்சளும் சீரகமும் கொதித்துக்கொண்டிருந்தன.

"கொலொம்போ" என்றார் அந்த அம்மாள், பெருமையாக.

"கொழம்பு!" என்றார் ரங்காத்தாள்.

"கொலொம்போ."

"அதேதானுங்க. கொழம்பு!"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சோறும் குழம்பும் தட்டில் வந்தன. சாப்பிட்டுக் கை கழுவியதும் ரங்காத்தாள் பழக்கத்தில் அங்கே ஓடித் திரிந்த சிறுமியின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். "வங்காளதேசத்துச் சரக்கு" என்று முணுமுணுத்து உதட்டைப் பிதுக்கினார்.

படகுத் துறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவருக்கு அந்தப் பாட்டன் ஏறிய கப்பலின் நினைப்புத்தான். மாதக்கணக்காக அடித்தட்டில். குழம்புப் பொடியைக் கூட விடாமல் பிடித்துக்கொண்டு. கரையில் யோஹான், ரங்காத்தாளின் பையை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதுபோல நின்றார். ரங்காத்தாள் பையை அவர் கையிலிருந்து வாங்கிப் படகுக்குள் வீசினார். "நோ ஓட்டல். ஐ கம்" என்றார்.

அடுத்த பயணம் டொமினிக்கா தீவுக்கு. படகு ஆடத் தொடங்கியதும் அவர் வாளியிடம் போகவில்லை. நேரே ரெமியிடம் போய் நின்றார். சும்மா உட்கார்ந்தால்தான் குமட்டுகிறது, ஏதாவது வேலை கொடு என்று கையாலும் கண்ணாலும் கேட்டார். ரெமி ஒரு கணம் பார்த்துவிட்டு, சுக்கான் சக்கரத்தில் அவர் கைகளை எடுத்து வைத்தார். தூரத்தில் தெரிந்த நீல மலையைக் காட்டி, அதை விடாதே என்றார். சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. ரங்காத்தாள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டார். அதைப் பற்றிக் கேட்டால், "மொரட்டு வண்டிமாடுங்க. இழுத்தம்னா மொரண்டு புடிக்கும், உட்டம்னா ஓடிப்போயிரும். சித்தெ சித்தெயா புடிச்சுக் குடுத்தா வந்துருதுங்க" என்பார். அலை முகத்தில் அடித்தது. மேலே பாய் படீர் படீரென்று விம்மியது. மலை பச்சையாகி, பச்சையில் வீடுகள் தெரிகிற வரை அவர் சக்கரத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. குமட்டல் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

டொமினிக்காவில் சமதரையே கிடையாது. கடலை விட்டதும் மேடு, மேட்டுக்கு மேல் மேடு. இந்தத் தடவை யோஹானே கியரை மாற்றக் கற்றுக் கொடுத்தார். பாதி மலையில் இளவட்டங்கள் சிலர் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். ரங்காத்தாளுக்கு மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது. கியர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். சீட்டை விட்டு எழுந்து நின்றார். தள்ளிக்கொண்டு போனவர்களைத் தாண்டும்போது ஒவ்வொருவரிடமும், "வாங்க, வாங்க, வந்துட்டமுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். உச்சியில் காத்திருந்தவர்கள் அந்த நீளச் சட்டையைப் பார்த்ததும் விசிலடித்தார்கள். ஒரு பெல்ஜியப் பெண், இந்தச் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள். மூச்சு வாங்கியபடியே, "சாம்பிள் செக்‌ஷன்! இசக்கிமுத்து!" என்றார் ரங்காத்தாள். கீழே, வந்த பாதை வளைந்து வளைந்து கடல் வரை இறங்கிக் கிடந்தது. இத்தனையும் என் காலில் வந்தது என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார்.

கோவை விமான நிலையத்தில் மாரப்பன் மாலையோடு நின்றார். செக்கிங் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். குமாரவேல் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் அசைத்தார். எல்லோருக்கும் முன்னால், யாரும் அழைக்காமலேயே, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முத்தாத்தாள். தம்பி மனைவியின் முகத்தைத் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனாத்தா, இப்படிக் கருத்துப்போய் வந்திருக்கறே? அடையாளமே தெரியல!"

ரங்காத்தாள் பெட்டியைக் கீழே வைத்தார். போட்டிருந்த நீளச் சட்டையின் வலது கையை மெல்ல மேலே சுருட்டினார். சட்டை மறைத்த இடத்தில் பழைய நிறம், மறைக்காத இடத்தில் கரிய நிறம், நடுவே நூல் பிடித்ததுபோல ஒரு கோடு. புது வளையலைக் காட்டுவதுபோல அந்தக் கையை எல்லோரும் பார்க்க நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.