வாழைக்கு ஊற்றிய மண்ணெண்ணெய்

ஆக்லாந்தில் நான் வேதியியல் நடத்தும் கல்லூரியில், இன்று ஐசோஅமைல் ஆல்கஹாலில் அசிட்டைல் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அது சீறியது, வெள்ளைப் புகை மூக்கை எரித்தது. பிறகு இரண்டும் சேர்ந்து உண்டான எஸ்டரின் வாசனை எழுந்தது. அப்படியே பழுத்த வாழைப்பழம்.

ஃபிஜியில், சிகடோகாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம் இருந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்து இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பயந்து கிடந்த வருஷம், எங்கள் கூரையில் கல் விழ ஆரம்பித்தது. சித்தப்பா தினமும் வந்து, எங்கள் தாரிலிருந்தே பழம் பிய்த்துத் தின்றபடி சொல்வார்: "பயமா இருந்தா போய்டுங்க அண்ணி. தோட்டத்த நான் பாத்துக்கறேன்."

கல்லெறிய ஆள் வைத்ததே அவர்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நாடு விட்டுக் கிளம்பிய காலையில் கரும்பு வெட்டும் கத்தியை எடுத்தாள். குலை தள்ளிய மரத்தைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் சாய்த்து, கிழங்கைக் குடைந்து, அடுப்பு மண்ணெண்ணெயை ஊற்றினாள்.

"இப்ப பாத்துக்கட்டும்."

இன்று வகுப்பில், இந்த வினை திரும்பி நடக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். அசிட்டிக் அமிலத்தில் செய்தால் முன்னும் பின்னும் நடக்கும், இதில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக ஓடிவிடுவதால் திரும்பாது என்றேன்.

சித்தப்பா செத்து எத்தனையோ வருஷமாகிறது. நாங்கள் யாரும் அங்கே திரும்பிப் போனதில்லை. மாலையில் என் சட்டையை முகர்ந்த அம்மா கேட்டாள்: "அவன் தோட்டத்துல வாழ மொளச்சிதாடா?"

"இல்லம்மா. வெறும் புல்லுதான்."

அம்மா இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.