ஆயுத பூஜையும் ஸ்டீயரிங் பாக்ஸும்

அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலத்தில்தான் எங்கள் உப்பு லாரியின் ஸ்டீயரிங் பாக்ஸில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதே லாரியில் கிளீனராக ஏறி, அப்பாவிடமே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஒருநாள் உப்பளத்து வாசலில் வண்டியைத் தூணில் உரசிவிட்டார் என்று, வேலைக்கு வந்த பெண்களெல்லாம் பார்க்க, அப்பா அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். மாமா சாவியைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அவர் வீடு பக்கத்துத் தெருதான். ஆனால் எங்களுக்கு அவர் துபாய்க்குப் போனவர் மாதிரி ஆகிவிட்டார். துபாய்க்குப் போனவராவது போனில் பேசுவார்.

இதில் மாட்டிக்கொண்டவள் அம்மா. என் தம்பிக்குப் பெருமுக்கல் மலைக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைக்காமல் எந்தக் காதையும் குத்த முடியாது. மாமாவைக் கூப்பிட அப்பா போகமாட்டார், அப்பா கூப்பிடாமல் மாமா வரமாட்டார். இதற்குள் தம்பியின் முடி தோளைத் தொட்டுவிட்டது. நான் ரிப்பன் கட்டிவிட்டு அழகு பார்ப்பேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அம்மாதான் குழாயடியில் மாமாவைப் பார்த்துவிட்டு வரும் நாளெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சமைப்பாள்.

லாரி ஒழுகியது புரட்டாசிக் கடைசியில். உப்பளத்தில் அது மோசமான நேரம். வாரிக் குவித்த உப்பு கரையில் கிடக்கும், எந்நேரமும் மழை இறங்கலாம். அப்பா பாக்ஸைத் தானே கழற்றினார். கழற்றுவதற்கு முன்னால், பாக்ஸின் பல் வைத்த தண்டையும், அதில் மாட்டிச் சக்கரத்தைத் திருப்பும் ஆர்மையும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டார். திரும்ப மாட்டும்போது இரண்டு பாதிக் கோடும் ஒன்று சேர்ந்தால் போதும், சக்கரம் நேராக நிற்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஒரு பக்கம் வளைந்து கொடுக்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். இதையெல்லாம் அவர் எங்களை நிற்கவைத்து விளக்கினார். அம்மா அப்போது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

திண்டிவனத்தில் சீல் மாற்றிக்கொண்டு பாக்ஸ் திரும்பி வந்த மறுநாள் ஆயுத பூஜை. அரிவாள்மனை முதல் ஜாக்கி வரை எல்லாம் சாமி முன்னால் வந்து உட்கார்ந்தன. பாக்ஸும் ஆர்மும் பொட்டு வைத்துக்கொண்டு மாலையோடு இருந்தன. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது. அப்பா வாசலில் நின்று மேகத்தைப் பார்த்தபடியே பொரியைத் தின்றார்.

மறுநாள் காலை மாலையை எடுத்துப் பார்த்தால், இரும்பு வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. கோட்டைக் காணோம். அம்மா மண்ணெண்ணெய் விட்டு, தேங்காய் நார் போட்டு, பொறுமையாகத் தேய்த்திருக்கிறாள்.

அப்பா கத்திய கத்தலில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. புத்தியில்லாதவள் என்றார், வண்டிக்காரன் பெண்டாட்டி என்று வெளியில் சொல்லாதே என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, சாமிக்கு வைக்கிற பொருளை அழுக்காகவா வைப்பார்கள் என்று மட்டும் முனகினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லது செய்யப்போய் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்கிறாளே என்று அவள்மேல் பரிதாபமாக இருந்தது.

அப்பா குத்துமதிப்பாக மாட்டிக்கொண்டு கிளம்பினார். உப்பளத்துக் கரையில் வலது பக்கம் திரும்பும் இடத்தில் வண்டி திரும்பவில்லை. முன்சக்கரம் பாத்தியின் விளிம்பு வரை போய் நின்றது. ரிவர்ஸிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஊரில் ஒரு மெக்கானிக் கடையும் திறக்கவில்லை, விஜயதசமி. ஒருவர் மேலே ஸ்டீயரிங்கைப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்து மாட்ட வேண்டிய வேலை அது. இந்த லாரியின் அடிவயிறு தெரிந்த இன்னொரு ஆள் ஊரில் ஒருவர்தான். அப்பா வெகுநேரம் டயரையே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாமாவ வரச் சொன்னேன்னு சொல்லாத. வண்டி நிக்குதுன்னு மட்டும் சொல்லு."

மாமா வந்தார். அப்பாவைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். அப்பா அவரைப் பார்க்காமல் சீட்டில் ஏறினார். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் பாக்ஸின் நடு கிடைக்கும். அந்த நிலையில் சக்கரத்தையும் நேராக வைத்து ஆர்மை மாட்ட வேண்டும். ஆனால் பேச்சு முழுக்க என் வழியாகத்தான் நடந்தது. உங்கப்பாவை லெஃப்டில் ஒடிக்கச் சொல் என்று மாமா கீழிருந்து சொல்வார். நான் ஓடிப்போய்ச் சொல்வேன். நான் போய்ச் சேருவதற்குள் போதும் என்பார். அதைச் சொல்வதற்குள் ஸ்டீயரிங் நடுவைத் தாண்டிப் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து. எனக்கு மூச்சு வாங்கியது. கடல் பக்கம் இடி இடித்தது.

ஒரு கட்டத்தில் ஆர்மின் பல் தண்டின் பல்லில் உட்காரப் பார்த்தது. நான் பாதி வழியில் நின்றேன். கீழிருந்து சத்தம் வந்தது.

"மாமா, போதும். அப்படியே புடிங்க."

அக்கா புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. அப்பா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்.

"நட்டு ஏறிடுச்சாடா?"

"ஏறிடுச்சு மாமா."

இரண்டு பேருமாகவே லாரியை எடுத்துக்கொண்டு போனார்கள். மழைக்கு முன்னால் உப்பை ஏற்றிக் குடோனில் சேர்த்துவிட்டு, உடம்பெல்லாம் வெள்ளை பூத்து வந்தார்கள். கை கழுவியதும் அம்மா இரண்டு பேருக்கும் இலை போட்டாள். சாப்பிடும்போதும் அப்பா விடவில்லை, உங்கக்காவுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா பார் என்றார். மாமாவும் சேர்ந்துகொண்டு சிரித்தார். அம்மா மாமாவின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். எனக்குக் கோபமாக வந்தது. அம்மாவுக்காக இரண்டு பேரிடமும் அன்று முழுக்க நான் பேசவில்லை.

அன்றைக்கு அடுப்பில் இருந்தது மாமாவுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு. அனுமந்தையிலிருந்து வரும் மீன்காரியிடம் விடிந்ததுமே அம்மா பேசி வாங்கியிருந்தாள். அப்போது அப்பா இன்னும் மாலையைக்கூட எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் வேறு யாரும் நண்டு தின்னமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.