கவிழாத வண்டி

என் படிப்பைப் பற்றி அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டீசல் வண்டி பாத்து எடுக்கத் தெரியுமா?" என்பதுதான். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, சேலத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். தெரியும் என்றேன். "அப்ப நாளைக்கு மலைக்கு வா" என்றார்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். கரும்பு கொஞ்சம், மரவள்ளிக் கிழங்கு கொஞ்சம். கிழங்கு பிடுங்கும் நாளில் வாடகை வண்டி சொன்ன நேரத்துக்கு வராது. பழைய பிக்கப் ஒன்று வாங்கிவிடலாம் என்று அப்பா தேடிக்கொண்டிருந்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், தான் பதினோரு வருடம் ஓட்டிய வண்டியை விற்பதாகத் தகவல் வந்தது. சர்க்கரை நோய் முற்றி, ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். இனி பிரேக்கை மிதிக்க முடியாது. வண்டியை விற்று வீட்டு முன்னால் மளிகைக் கடை வைக்கப்போகிறார் என்றார்கள்.

பட்டியல் எழுதினேன். இருபத்திரண்டு இனங்கள். முதலாவது, போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை நாம் வருவதற்குள் ஓட்டித் தயார் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசி, அடியில் படுத்து சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தைப் பார்ப்பது.

அப்பாவின் பைக்கில் ஏறினோம். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தபோது அப்பா சொன்னார்: "நல்லது ஏதாவது இருந்தா வூட்டுக்கு வந்து சொல்லு. கெட்டது இருந்தா அங்கயே சொல்லு. சத்தமா சொல்லு."

எனக்கு இதில் தவறேதும் தெரியவில்லை. பட்டியலுக்குப் பக்கத்தில் இரண்டு பத்தி பிரித்துக்கொண்டேன்.

வீட்டு முன்னால் வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே புதுப் பலகை அலமாரிகள், பச்சை பெயிண்ட் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டிலும் ஒரு சாமானும் இல்லை. வண்டிக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துணி சுற்றிய காலை ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்திருந்தார். அவருக்கு எதிரே அதே பக்கத்து மலைக்காரர் ஒருவர், புளியும் பலாவும் வாங்கிச் சின்னசேலத்துக்கு ஏற்றுகிற வியாபாரி, நின்றிருந்தார். அவரும் வண்டி பார்க்க வந்தவர். இரண்டு பேரை ஒரே நாளில் வரச் சொன்னால் போட்டியில் விலை ஏறும் என்று வண்டிக்காரர் கணக்குப் போட்டிருக்கிறார்.

வியாபாரி என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "இன்னாண்ணா, பொண்ணக் கூட்டினு வந்துக்கீறீங்க. வண்டிக்கு மாப்ள பாக்கவா?" என்றார்.

"அது இதுக்குப் படிச்சிருக்கு. அதான் பாக்கும்" என்றார் அப்பா.

"அப்ப நானும் தெரிஞ்சிக்கறேன். எனக்கு ஃபீஸ் இல்லாம ஆச்சி."

வண்டிக்காரர் சிரித்தார். "பாரும்மா, நல்லாப் பாரு. ஒளிக்க ஒண்ணுமில்ல."

இன்ஜின் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கரும்புகை வந்து நின்றது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்தேன். உள்ளே தேய்ந்த இன்ஜினாக இருந்தால் காற்று மேலே தள்ளி மூடி குதிக்கும். இது அசையாமல் உட்கார்ந்திருந்தது. இத்தனை வயதான டீசல் இன்ஜின் இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. டிக் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

"முன் டயர் ரெண்டும் ரெண்டு விதம்" என்றேன் சத்தமாக.

"மாத்திக்கலாம்மா."

"கதவுக்கு அடியில துரு. விரல் உள்ள போவுது."

"மழையில நிக்கற வண்டிதான."

"கிளட்ச் மேல வந்து பிடிக்குது. பிளேட் தேஞ்சிருக்கு."

வண்டிக்காரர், "இன்ஜின் எப்படிம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தவர் போல முன்னால் குனிந்திருந்தார்.

"ஓடுது" என்றேன்.

ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தேன். பின் சக்கரத்துக்குப் பின்னால், இடது பக்கச் சட்டத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வெல்டிங் செய்திருந்தது. பக்கத்தில் நான்கு பழைய போல்ட் ஓட்டைகள், அதற்குக் கீழே டயர் உரசி உரசிப் பதிந்த கறுப்பு. ஸ்டெப்னி டயர் தொங்கும் கம்பி அறுந்திருக்கிறது. அதற்குப் பதிலாக யாரோ ஒரு தாங்கி வைத்து அடித்திருக்கிறார்கள். ஒரு கண்ணை மூடிச் சட்டத்தை நீளவாக்கில் பார்த்தேன். வளைவு இல்லை. கேபினின் தூண்களில் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்ததைப் பார்த்திருந்தேன், கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்ததையும் பார்த்திருந்தேன். இந்த வண்டி ஒருநாளும் கவிழ்ந்ததில்லை என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

படுத்தபடியே சொன்னேன்: "சேஸிஸ்ல வெல்டிங் இருக்கு."

எங்கள் பக்கத்தில் சேஸிஸில் வெல்டிங் என்றால் ஒரே அர்த்தம்தான், கவிழ்ந்த வண்டி. மலையில் பிக்கப் கவிழ்ந்தால் மூட்டை மட்டும் விழாது, மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிற ஆட்களும் விழுவார்கள். ஆளைக் கொன்ற வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மலைக்காரர்கள் தொட மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த மூன்று வார்த்தைகளோடு நிறுத்தினேன்.

வியாபாரி கிட்டே வந்து குனிந்தார். "கவுந்த வண்டியாப்பா?"

"ஐயே, இல்ல மச்சான். ஸ்டெப்னிக்குத் தாங்கு வெச்சி அடிச்சது. இவளக் கேளு."

வண்டிக்காரரின் மனைவி டீ டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தார். "ஒரு நாளும் கவுந்ததில்லண்ணா. என் ரெண்டு பிரசவத்துக்கும் இதுலதான் கீழ போனேன்."

"உன் ஊட்டுக்காரன் வண்டி, நீ வேற எப்படிச் சொல்லுவ?" என்ற வியாபாரி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. படிச்ச பொண்ணு. கவுந்ததா, இல்லியா?"

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட இருந்து பாத்தவங்கதான் அதச் சொல்லணும். வெல்டிங் இருக்கு, அவ்ளோதான்."

அதில் பொய் எதுவும் இல்லை என்று அப்போது எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

"எங்க ஆளுங்க ஏற மாட்டாங்கப்பா. தப்பா நெனச்சிக்காத" என்று சொல்லி வியாபாரி பைக்கை உதைத்தார். "மச்சான், நில்லு" என்று எழப் பார்த்த வண்டிக்காரர் கால் ஊன்ற முடியாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அங்கே வாங்க வந்தவர் அப்பா ஒருவர்தான். அப்பா கேட்ட விலை, வண்டிக்காரர் சொன்னதில் பாதிக்குச் சற்று மேலே. வண்டிக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். அப்பா பைக் வரை போய் நின்றார், திரும்பி வந்தார், மறுபடி போனார். மூன்றாவது முறை போகும்போது அந்த அம்மாள் பேசினார். "குடுத்துடு. போன அண்ணன் கீழ போய்ச் சொல்லிடுவாரு. இனிமே யாரு வருவா?"

கையெழுத்துகள் முடிகிற நேரத்தில் அந்த அம்மாள் அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பிய்த்து எடுத்தார். கடைக்கு முதலில் வாங்க வேண்டிய சாமான்கள், வரிசையாக, நம்பர் போட்டு எழுதியிருந்தது. பேனாவை என்னிடம்தான் கேட்டு வாங்கினார். "ஃபிரிட்ஜ் வேணாம். எண்ண டின்னு வேணாம். அரிசி வேணாம்" என்று கணவருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே கோடு போட்டார். சோப்பு, தீப்பெட்டி, பிஸ்கட் மிஞ்சியது. பேனாவை மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பைக்கைப் பின்னால் ஏற்றிக் கட்டினோம். நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன். வண்டிக்காரர் கோலூன்றி ஜன்னல் வரை நடந்து வந்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? டீக்கடையில அவன் இருப்பான். இந்நேரம் சொல்லிக்கினு இருப்பான். பதினோரு வருசமா இந்த ஊரு சனம் பூரா இதுலதான் போச்சி வந்துச்சி. ஆளச் சாவடிச்சி மறைச்சிட்டேன்னு பேசினா, நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்? கவுந்த வண்டி இல்லன்னு ஒரு வார்த்த அங்க சொல்லிட்டுப் போ. நீ சொன்னா நம்புவாங்க. வெலைய நான் இனிமே கேக்கல."

"சொல்றேன்" என்றேன். உண்மையாகவே சொல்வதாகத்தான் இருந்தேன்.

டீக்கடை ஒரு திருப்பத்தில் வந்தது. வியாபாரியைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"நிக்காத" என்றார் அப்பா. பிறகு, "இப்பச் சொன்னா, அப்பவே ஏன் சொல்லலன்னு கேப்பான். இன்னா பதில் வெச்சிருக்க?"

அதற்குப் பிறகு பல தடவை இந்த இடத்தை அப்பாவின் கணக்கில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அவர்தான் நிறுத்தாதே என்றார், அவர்தான் கெட்டதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். ஆனால் ஸ்டியரிங் என் கையில் இருந்தது, பிரேக் என் காலடியில் இருந்தது, அது நல்ல பிரேக்.

கடைக்கு முன்னால் வேகத்தடை. செகண்ட் கியருக்கு வந்து மெதுவாக ஏறி இறங்கினேன். கீழே போக வண்டிக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் பழக்கத்தில் கையை நீட்டினார். வியாபாரி அவரிடம் ஏதோ சொன்னார். பெரியவர் கையை இறக்கிக்கொண்டு, வண்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தார். நான் மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.